இதயத்தை நிறுத்திவிட்டு எப்படி ஆபரேஷன் செய்கிறார்கள்?

இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வரும் எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும், வெளியே சொல்லாத ஒரு பயம் அந்த வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுப் பாட்டி அதை நேராகவே கேட்டுவிட்டார்: "நெஞ்சை நிறுத்திட்டுத்தான் ஆபரேசன் பண்ணுவாங்களாமே. அப்போ உசுரு எங்கங்க இருக்கும்?" பேத்திக்கு மூன்று வயது. அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு சந்தேகப்பட்டு அனுப்பி, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இதயத்தில் ஓட்டை இருப்பது உறுதியாகியிருந்தது. "அதெல்லாம் டாக்டருங்க பாத்துக்குவாங்க, நீ சும்மா இரு ஆயா" என்று வீட்டில் அவரை அடக்கினார்கள். எனக்கோ அது மிகச் சரியான கேள்வி என்று பட்டது. உலகின் தேர்ந்த அறுவை மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் பதில் தெரியாமல் நின்றதும் இதே கேள்வியின் முன்னால்தான்.

பதில் கண்டுபிடித்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் சி. வால்டன் லில்லஹை என்ற அமெரிக்க மருத்துவர். அவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டால் இன்றைய இதய ஆபரேஷனில் நடப்பது கிட்டத்தட்ட முழுவதும் புரிந்துவிடும். அதனால் அவர் வாழ்க்கையையும் இந்த மருத்துவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இதயம். அதில் நான்கு அறைகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. வலப்பக்க அறைகளுக்கு உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனை இழந்த ரத்தம் வருகிறது. அது நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் அதை உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ அதே 5 லிட்டரைத் தள்ளுகிறது. அதாவது, உடம்பில் உள்ள அவ்வளவு ரத்தமும் நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்தைக் கடந்து போகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு.

வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் பிரிக்கும் சுவர் கருவிலேயே முழுதாக மூடாமல் போனால் அதைத்தான் 'இதயத்தில் ஓட்டை' என்கிறோம். பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அவற்றில் அதிகம் காணப்படுவது கீழ் அறைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டை. இடப்பக்கத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் நல்ல ரத்தம் ஓட்டை வழியே வலப்பக்கம் பாய்ந்து, உடம்புக்குப் போகாமல் மறுபடி நுரையீரலுக்கே போய்விடுகிறது. நுரையீரல் திணறும். குழந்தை பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது, அடிக்கடி நிமோனியா வரும். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மேடேறிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் ஒன்று மட்டும் பாதி வழியில் குந்தவைத்து உட்கார்ந்துகொண்டால் 'சோம்பேறி' என்று திட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள்.

ஓட்டை என்றவுடனே ஆபரேஷன் என்று பொருளில்லை. சின்ன ஓட்டைகள் நிறைய தாமாகவே மூடிக்கொள்ளும். டாக்டர்கள் எக்கோ எடுத்து எடுத்துப் பார்த்துக் காத்திருப்பார்கள். ஆனால் பெரிய ஓட்டைக்கு 'வளர வளரச் சரியாயிடும்' என்று வருடக்கணக்கில் காத்திருக்கவே கூடாது. நுரையீரலின் ரத்தக் குழாய்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துப்போகும். ஒரு கட்டத்துக்குமேல் ரத்தம் திசை மாறிக் கெட்ட ரத்தம் உடம்புக்குப் போக ஆரம்பிக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். அதற்கப்புறம் ஓட்டையை அடைத்தாலும் பலனில்லை. சரியான வயதில் வந்திருந்தால் ஒரே ஆபரேஷனில் முடிந்திருக்கும் விஷயம், வாழ்நாள் நோயாக மாறிவிடுகிறது. டாக்டர் ஒரு வயதைக் குறித்துச் சொன்னால், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, ஓட்டையைத் தைப்பதில் அப்படி என்ன கஷ்டம்? தைப்பதில் ஒன்றும் இல்லை. 1896-லேயே ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர், கத்திக்குத்துப் பட்ட இதயத்தை அது துடிக்கும்போதே தைத்து ஆளைப் பிழைக்க வைத்தார். அது வெளிச்சுவர். உள்ளே இருக்கும் ஓட்டையைத் தைக்க வேண்டுமானால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்க இதயத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் பாய்கிற இடம் அது. ஆகவே ரத்தம் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். தடுத்தால் மூளைக்கு ரத்தம் போகாது. சாதாரண உடல் வெப்பத்தில் மூளை ரத்தமில்லாமல் தாங்குவது சுமார் 4 நிமிடம். அதற்குமேல் போனால் சேதம்.

ஆக, சிக்கல் நேரத்தில் இருந்தது. மருத்துவர்களிடம் கைத்திறமை இருந்தது, ஊசியும் நூலும் இருந்தன, நிமிடங்கள்தான் இல்லை. இதய அறுவை மருத்துவத்தின் வரலாறு முழுவதையும் அந்த 4 நிமிடத்தை 10 ஆக்க, 30 ஆக்க, இரண்டு மணி நேரமாக்க நடந்த போராட்டமாகவே நான் பார்க்கிறேன்.

முதல் வழி, குளிர். உடம்பு குளிர்ந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை குறையும் என்று கனடாவின் டொராண்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ சோதனைகளில் காட்டினார். 1952 செப்டம்பர் 2 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் லூயிஸ் என்ற மருத்துவர் 5 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலை 28 டிகிரி வரை குளிர்வித்து, ஐந்தரை நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, மேல் அறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையைத் தைத்து முடித்தார். இதயத்தைத் திறந்து கண்ணால் பார்த்துச் செய்து வெற்றி பெற்ற முதல் ஆபரேஷன் இது. லூயிஸுக்கு அருகில் உதவியாக நின்றவர் லில்லஹை. ஆனால் குளிர் கொடுத்தது கொஞ்ச நிமிடங்கள்தான். மேல் அறை ஓட்டைக்கு அது போதும். கீழ் அறை ஓட்டைக்கும், இன்னும் சிக்கலான குறைகளுக்கும் போதவே போதாது.

இரண்டாவது வழி, எந்திரம். ஜான் கிப்பன் என்ற மருத்துவர் 1931-ல் பாஸ்டனில் இளம் மருத்துவராக இருந்தபோது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். அவள் ரத்தம் கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தவருக்கு, இந்த ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப உள்ளே விட முடிந்தால் இவளைக் காப்பாற்றலாமே என்று தோன்றியது. அந்த எண்ணத்தை 22 வருடம் விடாமல் சுமந்தார். மனைவி மேரியும் ஆய்வகத்தில் கூடவே உழைத்தார். 1953 மே 6 அன்று பிலடெல்ஃபியாவில், அவர் செய்த எந்திரம் 18 வயதுப் பெண் ஒருவரின் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் 26 நிமிடம் தானே செய்தது. ஓட்டை அடைக்கப்பட்டது, அவர் பிழைத்தார். ஆனால் அடுத்து வந்த நோயாளிகள் இறந்துபோனார்கள். மனம் உடைந்த கிப்பன் இதய ஆபரேஷனையே விட்டுவிட்டார். எந்திரத்தால் ஆகாது, நோயுற்ற இதயம் இதைத் தாங்காது என்று பலரும் முடிவு கட்டியது அப்போதுதான்.

லில்லஹை அந்த முடிவை ஏற்கவில்லை. 1918-ல் மினியாபொலிஸ் நகரத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இத்தாலி வரை போய்த் திரும்பி, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற பெரிய ஆசானிடம் அறுவை மருத்துவம் பயின்றார். 1950-ல், பயிற்சி முடியும் தறுவாயில், அவருக்கே காதருகே புற்றுநோய். பிழைப்பது அரிது என்ற நிலை. ஆசானே மாணவருக்குக் கத்தி பிடித்தார். கழுத்திலும் மார்பிலும் மணிக்கணக்கில் நடந்த ஆபரேஷன், அப்புறம் கதிர்வீச்சு. பிழைத்துக்கொண்டார், ஆனால் கழுத்து வாழ்நாள் முழுக்கச் சற்றுக் கோணலாகவே இருந்தது. நாளை நிச்சயமில்லை என்று தெரிந்த ஒருவர் கையில் கத்தி இருந்ததால்தான், மற்றவர்கள் தயங்கி நின்ற இடத்தில் அவர் கால் வைத்தார் என்று நான் நினைக்கிறேன்.

அவருக்குக் கிடைத்த முதல் துப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. நாயின் இதயத்துக்கு வரும் பெரிய ரத்தக் குழாய்களைக் கட்டிவிட்டு, அசைகஸ் என்ற சின்னச் சிரையை மட்டும் திறந்து விட்டாலும் அது அரை மணி நேரம் சேதமில்லாமல் தாங்குகிறது என்று இருவர் கண்டிருந்தார்கள். இதன் பொருள் பெரிது. ஆபரேஷன் நடக்கும் கொஞ்ச நேரத்துக்கு முழு ரத்த ஓட்டம் தேவையில்லை. வழக்கமான அளவில் ஒரு சிறு பங்கு இருந்தாலே உயிருக்குப் போதும். அவ்வளவு குறைந்த ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றிக் கொடுக்கப் பெரிய எந்திரம் எதற்கு? கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் சுவாசிப்பதே இல்லை. அதற்கும் சேர்த்துத் தாய்தான் மூச்சு விடுகிறாள். அதே வழியில் லில்லஹையின் குழு யோசித்தது. குழந்தையின் இதயம் திறந்திருக்கும் நேரத்தில் அப்பாவோ அம்மாவோ பக்கத்து மேசையில் படுத்து, தன் இதயத்தையும் நுரையீரலையும் பிள்ளைக்குக் கடன் கொடுத்தால் என்ன?

வாழப்பாடிப் பக்கம் ஒரு தோட்டக்காரர் மோட்டாரைக் கழற்றி ரிப்பேர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பயிர் வாடாமல் இருக்கப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குழாய் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்வார். ஏற்பாடு அதுதான்.

செய்முறை இப்படி: குழந்தைக்கும் பெற்றோருக்கும் ரத்த வகை பொருந்த வேண்டும். இருவருக்கும் மயக்க மருந்து. குழந்தையின் பெரிய சிரைகளிலிருந்து ஆக்சிஜன் குறைந்த ரத்தம் குழாய் வழியாக அப்பாவின் தொடைச் சிரைக்குப் போகும். அங்கிருந்து அவர் இதயம், அவர் நுரையீரல். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அவர் தொடைத் தமனியிலிருந்து வெளியே வந்து குழந்தையின் தமனிக்குள் போகும். போகிற அளவும் வருகிற அளவும் துளி பிசகாமல் இருக்க நடுவில் ஒரு பம்ப். குழந்தையின் இதயம் ரத்தம் இல்லாமல் வெறுமையாக இருக்க, அதைத் திறந்து நிதானமாகத் தைக்கலாம்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஒரே ஆபரேஷனில் இரண்டு பேர் சாகக்கூடிய ஏற்பாடு இது, இறப்பு விகிதம் 200 சதவீதம் போகலாம் என்றார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. நோயே இல்லாத ஓர் அப்பாவை மேசையில் படுக்க வைப்பது எளிய முடிவா? வாங்கன்ஸ்டீன் மட்டும் மாணவருக்குத் துணை நின்றார்.

1954 மார்ச் 26. ஒரு வயதுக் குழந்தை; கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை. இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த வடக்கு மினசோட்டாவிலிருந்து வந்த குடும்பம் அது. (இரும்புத் தாது உள்ள சேலத்துக் கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஊர்களின் சிவந்த மண்ணை மனதில் கொண்டுவருவது கஷ்டமில்லை.) அதே குறையால் ஏற்கெனவே ஒரு மகளைப் பறிகொடுத்திருந்தார்கள். அப்பா மேசையில் படுத்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ஓட்டை மூடப்பட்டது, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 11 நாள் கழித்து நிமோனியாவில் குழந்தை இறந்துவிட்டது. பரிசோதித்துப் பார்த்தபோது தையல் அப்படியே உறுதியாக இருந்தது. வழி சரி என்பதற்கு அது சான்று. அந்தப் பெற்றோருக்கு அதனால் என்ன ஆறுதல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்று மேசையிலிருந்து எழுந்து வீடு திரும்பும் குழந்தைகள் எல்லோரும் அந்தக் குடும்பத்துக்கும் கடன்பட்டவர்கள்.

1955 ஜூலை வரை இப்படி 45 ஆபரேஷன்கள். 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். 30 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களில் 22 பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன்பு ஆபரேஷனால் முழுமையாகச் சரிசெய்யவே முடியாத குறைகள் இவை என்பதை நினைத்தால்தான் இந்தக் கணக்கின் மதிப்பு தெரியும். 1954 ஆகஸ்டில், நான்கு குறைகள் ஒன்றாகச் சேர்ந்து குழந்தையை நீலமாக்கும் 'ஃபாலோ' என்ற நோயையும் முதன்முறையாக உள்ளே திறந்து முழுமையாகச் சரிசெய்தார். படுத்த பெற்றோர் யாரும் இறக்கவில்லை. ஆனால் ஒரு தாயின் ரத்தக் குழாயில் காற்று புகுந்து மூளை பாதிக்கப்பட்டது. லில்லஹையின் வெற்றிகளை எழுதும் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், அது சரியில்லை. அந்தத் தாய் பெற்ற பிள்ளைக்காக நலமான உடலைக் கொடுத்துவிட்டு, அதற்கான விலையை வாழ்க்கை முழுவதும் செலுத்தினார்.

இந்த வழி நிரந்தரமாக இருக்கக் கூடாது என்பது லில்லஹைக்கும் தெரியும். ரிச்சர்ட் டிவால் என்ற இளம் மருத்துவரை, எளிமையான ஆக்சிஜன் எந்திரம் ஒன்று செய்யச் சொன்னார். ரத்தத்துக்குள் ஆக்சிஜனைக் குமிழ் குமிழாக விட்டால் அது சட்டென்று ஏறிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு குமிழ் தப்பி மூளைக்குப் போனாலும் ஆபத்து. டிவால், நுரையை உடைக்கும் சிலிகான் பூச்சையும், சுருள் சுருளாகச் சரிவாக வைத்த பிளாஸ்டிக் குழாயையும் சேர்த்தார். சுருளில் இறங்கும்போது குமிழுள்ள ரத்தம் இலேசாக மேலே நிற்க, குமிழ் நீங்கிய கனமான ரத்தம் அடியில் சேர்ந்தது. சொற்பச் செலவு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடலாம். 1955 மே மாதம் அது முதன்முறையாக நோயாளிக்குப் பயன்பட்டது. அதே வருடம் மார்ச்சில், அதே மாநிலத்தின் மேயோ மருத்துவமனையில் ஜான் கிர்க்லின் என்பவர் கிப்பனின் எந்திரத்தைத் திருத்தி அமைத்து ஆபரேஷன்களைத் தொடங்கியிருந்தார். உலகத்திலேயே இந்த ஆபரேஷனை ஒழுங்காகச் செய்த இரண்டே இடங்கள் சில காலம் இந்த இரண்டும்தான். விலை மலிவான டிவாலின் கருவிதான் இதய ஆபரேஷனை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

இப்போது இன்றைய ஆபரேஷன் தியேட்டருக்குள் போவோம். அம்மாபேட்டைப் பாட்டிக்கு நான் சொன்ன பதில் இந்தப் பகுதிதான்.

முதலில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்து கொடுப்பார்கள். இது இல்லாவிட்டால் குழாய்க்குள் ரத்தம் கட்டிவிடும். 1916-ல் இந்த மருந்தைக் கண்டுபிடித்திராவிட்டால் கிப்பனும் இல்லை, லில்லஹையும் இல்லை. பின்பு வலப்பக்கம் வந்து சேரும் பெரிய சிரைகளில் குழாய் செருகி, ரத்தத்தை எந்திரத்தின் தொட்டிக்கு இறக்குவார்கள். பம்ப் அதைத் தள்ளும். இப்போது குமிழ் முறை போய்விட்டது; மயிரிழை போன்ற நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கிய ஒரு பெட்டி நுரையீரலின் வேலையைச் செய்கிறது. நுண்குழாய்க்குள் ஆக்சிஜன், வெளியே ரத்தம். இடையில் மெல்லிய சவ்வு. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் நுழையும், கரியமில வாயு வெளியேறும். கூடவே ரத்தத்தைத் தேவைக்கேற்பக் குளிர்விக்கவும் சூடாக்கவும் ஏற்பாடு உண்டு. வடிகட்டி வழியாகப் போய், இதயத்துக்கு மேலே மகாதமனியில் செருகிய குழாய் மூலம் ரத்தம் உடம்புக்குள் திரும்பும். இதையெல்லாம் கண்காணிக்க எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பெர்ஃபியூஷனிஸ்ட் என்று பெயர். ஆபரேஷன் முடிந்ததும் நாம் கைகூப்புவது சர்ஜனுக்கு. அந்த நேரம் முழுவதும் உங்கள் பிள்ளையின் இதயமாக வேலை பார்த்தவர் இவர். இவரையும் விசாரித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

எந்திரம் ஓடத் தொடங்கியதும், மகாதமனியில் ஒரு கிடுக்கி போட்டு இதயத்துக்குள் ரத்தம் போவதை நிறுத்துவார்கள். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலை இதயத்தின் சொந்த ரத்தக் குழாய்களுக்குள் செலுத்துவார்கள். சில நொடிகளில் துடிப்பு அடங்கிவிடும். திரையில் கோடு நேராகப் போகும். இதயத் தசை அப்போது சாகவில்லை. குளிரிலும் பொட்டாசியத்திலும் அதன் ஆக்சிஜன் தேவை வெகுவாகக் குறைந்து, ஓய்வில் இருக்கிறது. மூளைக்கோ ரத்தம் ஒரு நொடியும் நிற்காமல் எந்திரத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது. "உயிர் துடிப்பில் இல்லைங்க ஆயா, ரத்தம் ஓடுறதுல இருக்கு. அந்த ஓட்டத்தை மெஷின் பாத்துக்குது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கரண்டு போனா?" என்றார். அதற்கும் பதில் உண்டு. பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். எல்லாம் கைவிட்டாலும் பம்பைக் கையால் சுற்றக் கைப்பிடி இருக்கிறது.

ஓட்டையை ஒட்டுப்போட்டுத் தைத்ததும், உள்ளே சேர்ந்த காற்றைக் கவனமாக வெளியேற்றிவிட்டுக் கிடுக்கியை எடுப்பார்கள். சூடான ரத்தம் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போக, பெரும்பாலும் இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கும். சில சமயம் ஒரு சிறு மின்னதிர்ச்சி தேவைப்படும். எந்திரத்தின் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, வேலையை இதயத்திடம் ஒப்படைப்பார்கள். கடைசியாக, ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் என்ற மருந்து.

கரண்டைப் பற்றிப் பாட்டி கேட்டதற்கும் லில்லஹையின் வாழ்க்கைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கீழ் அறை ஓட்டைக்கு மிக அருகில் இதயத்தின் மின்செய்தியைக் கடத்தும் இழைக் கற்றை ஓடுகிறது. தையல் அதில் பட்டால், மேல் அறையிலிருந்து வரும் துடிப்புச் செய்தி கீழ் அறைக்குப் போகாது. ஆபரேஷன் வெற்றி, ஆனால் இதயம் மெதுவாகி நின்றுவிடும். ஆரம்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆனது. 1957 ஜனவரியில் லில்லஹை இதயத் தசையிலேயே ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, வெளியே இருந்து மின்துடிப்பு கொடுக்கத் தொடங்கினார். குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பேஸ்மேக்கர் சுவர் பிளக்கில் செருகிய பெரிய பெட்டி. வயர் எட்டும் தூரம் வரைதான் குழந்தை நகரலாம். 1957 அக்டோபர் 31 அன்று நகரத்தில் மின்சாரம் போனது. தியேட்டரில் அவசர மின்சாரம் இருந்தது. குழந்தைகள் படுத்திருந்த அறைகளில் இல்லை. அந்த இரவுக்கு அப்புறம் லில்லஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஏர்ல் பேக்கன் என்ற எஞ்சினியரிடம் பேட்டரியில் ஓடுவதாக ஒன்று கேட்டார். பேக்கன் அப்போது ஒரு கார் ஷெட்டில் மெட்ரானிக் என்ற சின்னக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். மின்னணுப் பத்திரிகை ஒன்றில் வந்த, இசைக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் சர்க்யூட்டை எடுத்து, இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்து, நான்கே வாரத்தில் கையடக்கப் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். உடம்பில் கட்டிக்கொண்டு நடமாடக்கூடிய முதல் பேஸ்மேக்கர்களில் ஒன்று அது. மெட்ரானிக் இன்று உலகின் மிகப் பெரிய மருத்துவக் கருவி நிறுவனங்களில் ஒன்று. கரண்டு போனால் தறி நின்றுவிடும் ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டியின் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அதே பயம்தான் இந்தக் கருவியையும் பிறக்க வைத்தது.

லில்லஹையின் தியேட்டரில் நின்று கற்றவர்கள் உலகமெல்லாம் போனார்கள். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவில் முதல் மனித இதய மாற்று ஆபரேஷனைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்ட் மினசோட்டாவில் பயின்றவர். இதய மாற்றை நிலைத்து நிற்கும் சிகிச்சையாக வளர்த்தெடுத்த நார்மன் ஷம்வேயும் அங்கே பயின்றவர்தான். நமக்கு இன்னும் நெருக்கமானவர் நாகரூர் கோபிநாத். சேலம் ஜங்ஷனில் ரயிலேறி ஜோலார்பேட்டை தாண்டினால் காட்பாடி. இறங்கினால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. அங்கே ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1949-ல் நாட்டின் முதல் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். அங்கு பணியாற்றிய கோபிநாத், மினசோட்டாவுக்குப் போய் லில்லஹையிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1960-களின் தொடக்கத்தில் வேலூரில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய ஆபரேஷனைச் செய்தார். நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக 'வேலூருக்குப் போனால் சரியாயிடும்' என்று சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. அடுத்து 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். அங்கேயும் இதயத்தின் வேலையை எடுத்துக்கொண்ட எந்திரம் இதே பரம்பரையில் வந்ததுதான்.

லில்லஹையின் பிற்காலம் அவ்வளவு நேராகப் போகவில்லை. 1967-ல் மினசோட்டாவை விட்டு நியூயார்க்குக்குப் போனார், அங்கு நிலைக்கவில்லை. 1973-ல் வருமான வரி ஏய்ப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அறுவை மேசையிலிருந்து விலகியவர், பின்பு செயற்கை வால்வு செய்யும் நிறுவனம் ஒன்றின் மருத்துவ இயக்குநராக இருந்தார். 1999-ல், 80 வயதில் காலமானார். 31 வயதில் புற்றுநோய் வந்தவருக்கு இன்னும் 49 வருடம் கிடைத்தது.

இனி நம் ஊர் விஷயம். குழந்தைக்கு ஓட்டை என்று தெரிந்தவுடன் முதலில் கேட்க வேண்டியது, திறக்காமல் மூட முடியுமா என்பது. இடம் பொருந்தினால், மேல் அறை ஓட்டைகள் பலவற்றையும் கீழ் அறை ஓட்டைகள் சிலவற்றையும் தொடைச் சிரை வழியே குழாய் விட்டு, ஒரு சின்ன அடைப்பானால் மூடிவிடுகிறார்கள். எந்திரமே தேவையில்லை. அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டாமல் விட்டுவிடாதீர்கள்; பெரும்பாலான ஓட்டைகள் முதலில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒரு முணுமுணுப்பாகத்தான் பிடிபடுகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதய ஆபரேஷனும் அடங்கும். அட்டை இல்லாதவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்துகொண்டால் கடைசி நேர ஓட்டம் மிச்சம். அப்பாவும் மாமாவும் சித்தப்பாவும் ரத்தம் கொடுக்கத் தயாராக இருங்கள். அந்தக் காலத்து அப்பா மேசையில் படுத்தார். நீங்கள் ஒரு யூனிட் கொடுத்தால் போதும்.

ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு காகிதம் தருவார்கள். அதில் 'பைபாஸ் டைம்' என்றும் 'கிராஸ் கிளாம்ப் டைம்' என்றும் இரண்டு எண்கள் நிமிடத்தில் எழுதியிருக்கும். முதலாவது, எந்திரம் உங்கள் பிள்ளைக்காக வேலை செய்த நேரம். இரண்டாவது, கிடுக்கி போட்டு இதயத்துக்கு ரத்தம் நிறுத்தப்பட்டிருந்த நேரம். முதல் எண்ணைவிட இது குறைவாக இருக்கும். அந்தக் காகிதத்தை நகலெடுத்துப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் பல் பிடுங்கப் போனாலும் வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் அதை டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும்.